மேடையில் நின்றவர்கள்

தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய சனிக்கிழமை, எங்கள் ஊர்க் கோயிலில் சிலுவைப் பாதையின் பதினான்கு ஸ்தலப் படங்களையும் சுவரிலிருந்து இறக்கித் துடைப்போம். உபதேசியார் ஸ்டூலில் ஏறிப் படத்தை ஆணியிலிருந்து கழற்றி என் கையில் தருவார். நான் தரையில் சாக்கு விரித்து அடுக்குவேன். எங்கோ வெளிநாட்டில் கல் அச்சில் அடித்துக் கப்பலில் வந்த படங்கள். கண்ணாடி போட்டும் உப்புக்காற்று உள்ளே புகுந்து தாளைப் பழுப்பாக்கியிருந்தது. முதல் ஸ்தலம், பிலாத்து தீர்ப்பிடும் படம். அதை மட்டும் அவர் மடியில் வைத்துத் தானே துடைப்பார்.

“ஏல, இதுல யாரப் பாக்க?”

“சேசுவ.”

“அவர எல்லாரும்தான் பாக்காவ. தண்ணி ஊத்துற இந்தப் பையனப் பாரு. இவனும் அங்கதான் நிக்கான்.”

பிலாத்துவின் கைக்கடியில் தாம்பாளம் பிடித்திருந்த அந்தப் பையனுக்கு என் வயதுதான் இருக்கும். ஊற்றுகிற தண்ணீர் சிந்திவிடக் கூடாதே என்பதிலேயே அவன் கண் இருந்தது. அவனுக்குப் பின்னால் நடக்கிற எதுவும் அவனுக்குத் தெரிந்ததாகத் தோன்றாது.

சிலுவைப் பாதையில் பதில் சொல்லும் பையன்களைப் பழக்குவதும் உபதேசியார்தான். வாயை மூடிக்கொண்டு முனகினால் அவருக்குப் பிடிக்காது. “கடைசித் தூண் பக்கத்துல உக்காந்திருக்க பாட்டிக்குக் கேக்கணும்ல. நெஞ்சுலருந்து சொல்லு.” பத்து வயதுக்குள் என் குரல் கோயில் முழுக்கக் கேட்கும்படி ஆகிவிட்டது. பெரியவர்களே திரும்பிப் பார்ப்பார்கள். அதில் எனக்குப் பெருமை.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஊர். பெயர் வேண்டாம். 1974, எனக்குப் பன்னிரண்டு வயது. தவக்காலத்தின் ஐந்தாம் வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை முடிந்து, யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம் என்று சொன்னார்கள். பாஸ்குத் திருநாளுக்கு ஊரில் பிரித்த பணத்தில் 340 ரூபாய் குறைகிறது. பணப்பெட்டிச் சாவி உபதேசியாரிடம் இருந்தது.

கோயில் படிக்கட்டின் மேல்படியில் கமிட்டிக்காரர்கள் ஏழு பேர் நின்றார்கள். பெட்ரோமாக்ஸ் விளக்கு ஒன்றைத் தூணில் மாட்டியிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், எல்லாருக்கும் தெரியும்படி உபதேசியாரை நிறுத்தினார்கள். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். கணக்கு நோட்டைப் பார்த்து ஒருவர் கேள்வி கேட்டார். “நான் எடுக்கல” என்று உபதேசியார் ஒரு முறை சொன்னார். மறுபடி கேட்டார்கள். பதில் சொல்லவில்லை. கீழே மணலில் ஊரே நின்றது. முதலில் யார் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. பின்னாலிருந்து ஒரு குரல், அப்புறம் பையன்கள் நாங்கள் எல்லாரும். களவாணி, களவாணி. நானும் கத்தினேன். நெஞ்சிலிருந்து கத்தினேன்.

மேல்படியில் இடப்பக்கத்திலிருந்து மூன்றாவதாக என் அப்பா நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவு கோயிலுக்குப் பின்பக்கம் கிணற்றடிக் கல்லில் உபதேசியார் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். முழங்காலில் முழங்கையை ஊன்றித் தலையைக் கையில் சாய்த்திருந்தார். நான் பக்கத்தில் போகவில்லை. இரண்டு நாளில் டிரங்குப் பெட்டியோடு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பாஸ்கு முடிந்த அடுத்த மாதம் பணம் கிடைத்தது, தொலைந்ததே இல்லை. மைக் செட்டுக்கும் லைட்டுக்கும் கொடுத்த அட்வான்ஸை வேறு பக்கத்தில் எழுதிவைத்திருந்தார்கள். நோட்டில் அடித்துத் திருத்தினார்கள். அதைச் சொல்ல ஊரை மறுபடி படிக்கட்டுக்குக் கூப்பிடவில்லை. அவரைத் திரும்ப அழைத்து வரவும் யாரும் போகவில்லை. 1979-ல் அவர் மகள் வீட்டிலேயே இறந்துபோனார்.

அப்பா இதைப் பற்றி வாழ்நாளில் ஒரே ஒரு முறை பேசினார். கடைசிக் காலத்தில், நான் கேட்காமலேயே. “நான் ஒரு வார்த்தை சொல்லலல” என்றார். அவர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாரா, குற்றமில்லை என்கிறாரா என்று எனக்கு அப்போது புரியவில்லை.

ஊரைவிட்டு வந்து சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் சேர்ந்தேன். பதினோரு வருஷம் டச்சிங் வேலை. லைட் டேபிளில் நெகட்டிவைப் போட்டு, மெல்லிய பிரஷ்ஷால் வேண்டாததை மறைப்பது, வேண்டியதைக் கூட்டுவது. காலண்டர் படங்களில் கிறிஸ்தவப் படங்கள் பெரும்பாலும் என் மேஜைக்குத்தான் வரும். ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: வீட்டில் மாட்டுகிற படம், இரத்தத்தைக் கொஞ்சம் குறைங்க, சிப்பாய்கள் வேண்டாம், சாமி மட்டும் இருக்கட்டும், கண் மேலே பார்க்கட்டும். அப்படியே செய்வேன். சாட்டை பிடித்த கையை எடுப்பேன். ஈட்டியை எடுப்பேன். பிலாத்துவின் மண்டபத்தை எடுத்து அங்கே நீல வானம் வைப்பேன். முள்முடி இருக்கும், அதைப் பின்னியவன் இருக்கமாட்டான். காயம் எங்கிருந்தோ தானாக வந்தது போல இருக்கும்.

அந்த அச்சகத்தில்தான் ஒரு புத்தகத்தில் ஆல்பிரெக்ட் டியூரரைப் பார்த்தேன். ஜெர்மனியில் நியூரம்பர்க்கைச் சேர்ந்தவர். 1511-ல் அவர் வெளியிட்ட சிறிய பாடுகள் வரிசையில் 37 மரச்செதுக்குப் படங்கள். அவர் மனைவி ஆக்னெஸ் சந்தைகளுக்கு எடுத்துப்போய் அவருடைய அச்சுப்படங்களை விற்பாராம். ஓவியம் வாங்க வசதியில்லாத வீட்டுக்குள்ளும் பாடுகளின் கதை போய்ச் சேர்ந்தது இப்படித்தான். அந்த வரிசையின் தலைப்புப் பக்கத்தில் கிறிஸ்து ஒரு கல்லின்மேல் தனியாக உட்கார்ந்து, தலையைக் கையில் சாய்த்திருக்கிறார். சுற்றிலும் யாருமில்லை. அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் வெகுநேரம் வைத்திருந்தேன். கிணற்றடிக் கல் அது. நான் பக்கத்தில் போகாமல் நின்ற தூரம்கூட அதேதான்.

உள்ளே மற்றப் படங்களில் டியூரரின் கொடியவர்கள் நிறைய வருகிறார்கள். முறுக்கேறிய கை, கோணின வாய். பார்த்த உடனே கோபம் வரும். அந்தக் கோபத்தில் ஒரு வசதி இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. அந்த முகங்களில் யாரும் நமக்குத் தெரிந்தவர்கள் இல்லை. நம் அப்பா இல்லை. அதைவிட மோசமான ஒன்றும் இந்த மரபில் உண்டு. ஐரோப்பாவின் பாடுகளின் படங்களில் நூற்றாண்டுகளாக அந்தக் கொடியவர் முகத்தை யூதர் முகமாகவே வரைந்து பழகியிருந்தார்கள். எங்கள் ஊரில் யூதர் ஒருவரைக்கூட யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் பெரிய வெள்ளியன்று அவர்களைத் திட்டித் தீர்ப்போம். கிறிஸ்துவின் மரணத்துக்கு யூத மக்கள் எல்லாரையும் குற்றவாளிகளாக்கக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே சொல்லிவிட்டது. எங்கள் மணல் வரைக்கும் அது வந்து சேர நாளாயிற்று.

2019-ல் மகள் ஆம்ஸ்டர்டாமில் வேலையில் இருந்தாள். தவக்காலத்தில் போனேன். ஓவியர் ரெம்பிராண்ட் இறந்து 350 ஆண்டு என்று ஊரெல்லாம் அவர் படம் ஒட்டியிருந்தது. அவர் 1639-ல் 13,000 கில்டருக்கு வாங்கிய வீடு இப்போது அருங்காட்சியகம். அங்கே ஒரு பெண் பழைய முறையில் அச்சு எடுத்துக் காட்டினார். செப்புத் தகட்டில் மை தடவி, துணியால் வழித்து, கடைசியில் உள்ளங்கையால் துடைத்தார். ஈரத்தாளை வைத்துக் கம்பளியை மேலே போட்டு, உருளைச் சக்கரத்தை உடம்பு முழுக்கச் சாய்த்து இழுத்தார். தாளைத் தகட்டிலிருந்து உரிக்கும்போது வந்த சின்னச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். இத்தனை வருஷம் அச்சுத் தொழிலில் இருந்தும், தகட்டின் விளிம்பு தாளில் பள்ளமாகப் பதிவதை அன்றுதான் விரலருகில் பார்த்தேன்.

மகள் எழுதி அனுமதி வாங்கியதால், ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் அச்சுப்பட அறையில் ஒரு காலைப்பொழுது கிடைத்தது. கை கழுவிவிட்டு வரச் சொன்னார்கள். பேனாவை வெளியே வைத்துவிட்டுப் பென்சில் மட்டும் எடுத்துக்கொண்டேன். அட்டைச் சட்டத்தில் பொருத்திய தாள்களைப் பெட்டியிலிருந்து எடுத்து, சாய்வுப் பலகையில் ஒவ்வொன்றாக வைத்தார்கள். ரெம்பிராண்டின் ‘மக்கள் முன் நிறுத்தப்படும் கிறிஸ்து’. 1655. ஏறக்குறைய 36 செ.மீ. உயரம், 45 செ.மீ. அகலம். கண்ணாடி கிடையாது, நடுவில் எதுவும் கிடையாது.

டிரைபாயின்ட் என்ற முறை. அமிலம் வேண்டாம், ஊசியைச் செம்பில் நேராக அழுத்திக் கீறுவது. ஏர் போன சாலில் மண் ஒதுங்குகிற மாதிரி, கீறலின் ஓரத்தில் செம்புப் பிசிறு எழும்பி நிற்கும். அந்தப் பிசிறு மையைப் பிடித்துக்கொள்வதால்தான் கோட்டுக்கு வெல்வெட் போன்ற கறுப்பு வருகிறது. ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் பிசிறு கொஞ்சம் நசுங்கும். சில டஜன் தாளுக்குமேல் அந்தக் கறுப்பு நிற்காது. பிசிறு தேயத் தேய ரெம்பிராண்ட் தகட்டைத் திரும்பத் திரும்பத் திருத்தினார். ஒரு நிலையில் மேல்பக்கத்திலிருந்து ஒரு பட்டையையே வெட்டி எடுத்தார். இந்த ஒரே தகட்டுக்கு எட்டு நிலைகள் உண்டு.

முதலில் முந்திய நிலையைக் காட்டினார்கள். ஒரு பெரிய கட்டடத்தின் முகப்பு. நடுவில் கல்மேடை. மேடைமேல் கட்டிய கையோடு கிறிஸ்து, பக்கத்தில் பரபாஸ், தலைப்பாகையும் நீண்ட கோலுமாகப் பிலாத்து. காவலர்கள். ஜன்னல்களில் வேடிக்கை பார்க்கிறவர்கள், அவர்களில் பிலாத்துவின் மனைவி. முகப்பில் இரண்டு சிலைகள். ஒன்று கண்ணைக் கட்டித் தராசு பிடித்த நீதி, மற்றது வலிமை. மேடைக்குக் கீழே, நமக்கு முதுகையும் பக்கவாட்டையும் காட்டிக்கொண்டு, நீள வரிசையாக ஊர் ஜனம்.

கிறிஸ்து சின்னவராக இருக்கிறார். உடம்பில் காயத்தைத் தேடினேன், பெரிதாக ஒன்றுமில்லை. முகத்தில் கோடுகள் மிகக் குறைவு. சிவகாசியில் இந்த நெகட்டிவ் என் மேஜைக்கு வந்திருந்தால் ‘சாமி முகம் சரியாக விழவில்லை’ என்று திருப்பி அனுப்பியிருப்பேன். கோடெல்லாம் கட்டடத்துக்குப் போயிருக்கிறது. கல்லுக்கு, படிக்கு, கோலுக்கு, சிலைக்கு. ஒரு மனிதனை வதைப்பதற்கு எவ்வளவு கட்டடம் வேண்டியிருக்கிறது என்று ரெம்பிராண்ட் அளந்து வைத்திருந்தார். யாருடைய வாயும் கோணவில்லை. எல்லாரும் அவரவர் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

பிலாத்துவின் பின்னால் தாம்பாளமும் கெண்டியுமாக அந்தப் பையன். அவனைக் கண்டதும் லென்ஸைக் கீழே வைத்துவிட்டேன்.

ரெம்பிராண்ட் இதைக் கற்பனையில் கட்டவில்லை. அவர் ஊரில் பழைய நகர மண்டபம் 1652-ல் எரிந்துபோய், புதிய மண்டபம் இந்தப் படத்தின் ஆண்டான 1655-ல்தான் திறக்கப்பட்டது. இன்று அது அரண்மனை. அதன் கீழ்த்தளத்தில் அந்நாளில் மரணதண்டனையை அறிவித்த பளிங்குக்கூடம் இருக்கிறது. சதுக்கத்தில் நிற்கும் ஜனம் கம்பி ஜன்னல் வழியே உள்ளே பார்க்கலாம். நானும் போய் நின்று பார்த்தேன். வெண்பளிங்கில் நீதியின் சிற்பங்கள் அத்தனை அழகு. அந்த அழகுக்கு நடுவில்தான் பெயர் சொல்லித் தீர்ப்பு வாசித்திருக்கிறார்கள்.

பிறகு பிந்திய நிலையை வைத்தார்கள். மேடைக்குக் கீழே நின்ற ஜனத்தைக் காணோம்.

டச்சிங்காரன் கண்ணுக்கு இது என்ன வேலை என்று தெரியும். செம்பில் ஆழக் கீறியதை எடுக்கச் சுரண்டியால் சுரண்டி, தேய்ப்பானால் தேய்த்து, தகட்டைக் கவிழ்த்துப் பின்னாலிருந்து தட்டிச் சமன் செய்ய வேண்டும். நாள்கணக்கில் ஆகும். எனக்கு ஓர் ஆளை எடுக்க அரை மணி நேரம் போதும். கூட்டம் நின்ற இடத்தில் இப்போது இரண்டு இருண்ட வளைவுகள், நிலவறை வாசல் போல. அவற்றுக்கு நடுவே தாடிவைத்த ஒரு கிழவரின் உருவம். மேடை அப்படியே இருக்கிறது. பிலாத்துவின் கோல் இருக்கிறது. காவலர்கள் இருக்கிறார்கள். தராசு பிடித்த சிலை இருக்கிறது.

நான் பதினோரு வருஷம் எடுத்ததெல்லாம் அவர் விட்டுவைத்ததைத்தான். சாட்டையையும் மண்டபத்தையும் நான் எடுத்தேன். காயத்தை மட்டும் விட்டேன். அவர் அதிகாரத்தை ஓர் அங்குலம் நகர்த்தவில்லை. ஜனத்தை மட்டும் எடுத்தார். எடுத்த பிறகு மேடைக்கு முன்னால் வேறு யாரும் இல்லை, பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த என்னைத் தவிர. சுரண்டிய இடத்தில் பழைய கோடுகளின் நிழல் எங்கோ மிஞ்சியிருப்பது போலவும் தோன்றியது. வெகுநேரம் தேடினேன்.

ரெம்பிராண்ட் ஏன் ஜனத்தை எடுத்தார் என்பதற்கு அறிஞர்கள் பல காரணம் சொல்வார்கள். பிசிறு தேய்ந்த தகட்டைப் புதிதாக்க வேண்டியிருந்தது உண்மைதான். எனக்கு வேறு ஒன்றும் மனதில் ஓடியது. அவர் வீடு இருந்தது யூதர்கள் நிறைய வாழ்ந்த தெருவில். அதே 1655-ல் மெனாசே பென் இஸ்ரேல் என்ற யூத ரபியின் நூலுக்கு நான்கு சிறு அச்சுப்படங்கள் போட்டுக்கொடுத்தார். காலையில் தெருவில் பார்த்துப் பேசுகிற முகங்களை மாலையில் அந்த வரிசையில் நிறுத்த அவர் கை தயங்கியிருக்கலாம் என்று நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது. நினைக்காமல் இருக்கவும் என்னால் முடியவில்லை.

அடுத்த ஆண்டு, 1656-ல், கடனைக் கட்ட வழியில்லாமல் அவரே திவாலானார். வீட்டிலிருந்த ஒவ்வொரு பொருளையும் அதிகாரிகள் எழுதியெடுத்தார்கள். 1658-ல் வீடும் விலைபோயிற்று.

அதே 1658-ல்தான் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தது. எங்கள் கரையில் கத்தோலிக்க வழிபாட்டை அடக்கினார்கள், குருக்களைத் துரத்தினார்கள். என் முன்னோர் மாறவில்லை. ரெம்பிராண்ட் தன் நல்ல அச்சுகளை எடுத்த ஜப்பான் தாளையும் அந்தக் கம்பெனியின் கப்பல்கள்தான் கொண்டுவந்தன. அந்தப் பொன்னிறத் தாளைப் பார்த்தால் இன்றும் எனக்கு மனம் ஒரு நிலையில் நிற்பதில்லை. அவ்வளவு அழகான தாள் அது.

நேரம் முடியப்போகிறது என்று அச்சுப்பட அறையைப் பார்த்துக்கொண்ட அம்மா வந்து சொன்னார். முந்திய நிலையை இன்னொரு முறை கேட்டு வாங்கினேன். மேடையில் பின்னால் நிற்கிறவர்களை லென்ஸ் வைத்து ஒவ்வொருவராகப் பார்த்தேன். ஒன்றும் செய்யாமல், ஒன்றும் சொல்லாமல் நிற்கிறவர்கள். அவர்களை எடுத்துவிட்டால் மேடை வெறுமையாகிவிடும். பிலாத்து தனியாக நிற்கிற கிழவனாகிவிடுவான். அப்பா சொன்னது அங்கேதான் எனக்குப் புரிந்தது.

பென்சிலால் நோட்டில் எங்கள் படிக்கட்டில் நின்ற ஏழு பேரின் பெயரையும் எழுதினேன். எல்லாம் நினைவில் இருந்தது. கத்திய பையன்களில் என் பெயரையும் இன்னும் நான்கு பெயரையும் எழுதினேன். நடுவில் நிறுத்தப்பட்டவர் பெயரை எழுதப்போனபோது கை நின்றது. எனக்கு அவர் பெயர் தெரியாது. எங்களுக்கு அவர் உபதேசியார். அவ்வளவுதான்.

ஊரில் இரண்டு பேருக்குப் போன் போட்டேன், அவர்களுக்கும் தெரியவில்லை. அவருடைய மகளின் எண் கிடைக்கப் பெரிய வெள்ளி ஆகிவிட்டது. எழுபது தாண்டிய அம்மா. யார் என்று சொன்னதும் அடையாளம் கண்டுகொண்டார்.

“அப்பா பேரா? இப்ப எதுக்குத் தம்பி?”

காரணம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு பெயரைச் சொன்னார். நான் சரியாக எழுதுகிறேனா என்று எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லிக் கேட்டார். இங்கே அதை நான் எழுதவில்லை; அச்சில் போட அவரிடம் நான் கேட்கவில்லை.

“அக்கா, அன்னைக்கு நானும் கத்துனேன்.”

“தெரியும் தம்பி. அப்பா சொல்லியிருக்காவ. அத்தன சத்தத்துலயும் ஒன் சத்தம் தனியாக் கேட்டுதாம்.”